சிங்கப்பூர் – நியூயார்க்: 17 மணி நேரமா, 18 முக்காலா?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்குப் பறக்க 17 மணி நேரம் என்று இணையக் கணிப்பானை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். டிக்கெட்டில் ஏன் 18 முக்கால் மணி நேரம் போட்டிருக்கிறது, எந்தத் தேதியில் போய் இறங்குவேன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் தப்பில்லை. 15,300 கி.மீ.யை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 17 மணி நேரம்தான் வரும்.

அந்த 15,300 கி.மீ. பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த மிகக் குறுகிய தூரம். சிங்கப்பூரும் நியூயார்க்கும் தீர்க்கரேகையில் கிட்டத்தட்ட நேரெதிர். அதனால் அந்த நூல் வட துருவத்தை ஒட்டிப் போகும். உலக வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இது நம்பவே முடியாது! ஆனால் விமானம் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. பசிபிக் பக்கமாகச் சுற்றினால் தூரம் கூடும், ஆனால் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வானக் காற்று பின்னாலிருந்து தள்ளும். எந்தப் பாதை லாபம் என்பதை அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

அப்புறம், டிக்கெட் நேரம் விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து போய் நிற்கும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் சேர்த்தி.

தேதிக் குழப்பத்துக்கும் பதில்: நியூயார்க் சிங்கப்பூரைவிடக் கோடையில் 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13. நள்ளிரவு 12க்குக் கிளம்பினால் கோடையில் அதே தேதி காலை 6.45க்கு இறங்குவீர்கள். அங்கிருந்து வேறு விமானம் பிடிப்பதாக இருந்தால் டிக்கெட் நேரத்தையே நம்புங்கள், இணையக் கணிப்பானை வேண்டாம்.