சுரத்தே இல்லையா?

அன்புள்ள சார்,

ஐரோப்பிய ஜாஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, சுவிட்சர்லாந்தின் இன்டாக்ட் என்ற இசைத்தட்டு லேபிளில் வந்த சில தட்டுகளைக் கேட்டேன். ஐரோப்பிய ஜாஸ் ஏன் இப்படிச் சுரத்தே இல்லாமல் இருக்கிறது? ஜாஸ் கறுப்பர்களின் இசை. அவர்கள் பட்ட வலி இவர்களுக்கு ஏது? மூளையால் வாசிக்கிறார்கள் என்றே தோன்றியது. எந்தத் தட்டில் தொடங்கினால் பிடிக்கும்? நல்ல ஸ்பீக்கர் வாங்கவேண்டுமா?

ரா.

அன்புள்ள ரா.,

ஸ்பீக்கரை விடுங்கள், அது உங்கள் பர்ஸின் பிரச்சினை. ஒரு வாரமாக அந்த இன்டாக்டின் சுவிஸ் பியானோக்காரர் இரேன் ஷ்வைட்சரையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்து நிற்கிறது. இல்லையென்றால் பதில் எழுதியிருக்க மாட்டேன். மூளையால் வாசிக்கிறார்கள் என்கிறீர்கள், மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வாசிக்கிற ஒருவரை எனக்கும் காட்டுங்கள்.

ஆனால் அந்த வலி விஷயத்தை அப்படி விட முடியாது.

இரேன் 1941-இல் ஷாஃப்ஹவுஸனில் பிறந்தவர். பெற்றோர் நடத்திய உணவு விடுதியில் நடன இசைக்குழுக்கள் வந்து வாசிக்கும், அதைக் கேட்டுக் கேட்டுப் பியானோ, டிரம்ஸ் இரண்டையும் தானாகவே பழகிக்கொண்ட பெண். அறுபதுகளில் சூரிச்சில் ஆஃப்ரிகானா என்று ஒரு கஃபே இருந்தது. தென்னாப்பிரிக்கப் பியானோக்காரர் டாலர் பிராண்ட் (பின்னாளில் அப்துல்லா இப்ராஹிம்) அங்கே வாசித்துக்கொண்டிருந்தபோதுதான், 1963-இல், அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் வந்து கேட்டார். அடுத்த வருஷம் ப்ளூ நோட்ஸ் என்ற தென்னாப்பிரிக்க ஜாஸ் குழு வந்தது. வெள்ளையர் ஒருவரும் கறுப்பர்களும் ஒரே மேடையில் நிற்பதே குற்றமாகப் பார்க்கப்பட்ட நாட்டிலிருந்து, பிரான்சில் ஒரு விழாவில் வாசிக்கப்போகிறோம் என்று கிளம்பி அப்படியே திரும்பாமல் இருந்துவிட்டவர்கள். இவர்களையெல்லாம் பக்கத்திலிருந்து கேட்டு வளர்ந்த கை சார் இரேனுடையது. வலி ஏது என்று கேட்கிறீர்கள். வலி ரயிலேறி அந்த ஊருக்கே வந்து, ராத்திரி ராத்திரி கஃபேயில் வாசித்துக்கொண்டிருந்தது!

அந்தக் குழுவின் டிரம்மர் லூயிஸ் மோஹோலோ. மற்றவர்கள் ஒவ்வொருவராக 1990-க்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இவர் ஒருவர்தான் மிஞ்சி, 2005-இல் ஊர் திரும்பினார். இரேனும் அவரும் மட்டும் 1986-இல் வாசித்தது இன்டாக்டில் தட்டாக இருக்கிறது. மண்டேலா அப்போது சிறையில் இருக்கிறார். பாஸ் வாத்தியம் கிடையாது, சாய்ந்துகொள்ள ஒன்றும் கிடையாது, ஒரு பியானோ, ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். பிறகு சொமர், ஆண்ட்ரூ சிரில், பியேர் ஃபாவ்ர், பென்னிங்க் என்று ஒரு டிரம்மர் மட்டும் கூட இருக்க, இப்படியே வரிசையாகத் தட்டு போட்டார் அந்த அம்மாள்.

முதல் தடவை எனக்கும் எரிச்சல்தான் வந்தது. நண்பர் ஒருவர் போட்டுக் காட்டினார். ஐந்து நிமிடத்தில் "என்னய்யா இது, பூனை நடக்கிற மாதிரி" என்று எழுந்துவிட்டேன். "பியானோவைக் கேக்காதீங்க, டிரம்ஸை மட்டும் கேளுங்க" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பியானோவும் டிரம்ஸாகிவிட்டது, எது யார் என்று பிரிக்கவே முடியவில்லை. அந்த நண்பர் இப்போது இல்லை. அவர் தட்டுகளை யார் எடுத்துப்போனார்கள் என்றும் தெரியவில்லை.

நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் என்று சொல்லட்டுமா? போனில், மெயில் பார்த்துக்கொண்டே, ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம். சுரத்து எங்கிருந்து வரும்? பாட்ரிக் லாண்டோல்ட் என்ற பத்திரிகைக்காரர் 1986-இல் ஆரம்பித்த லேபிள் இது. இரேன் 1984-இல் தக்ட்லோஸ் இசை விழாவில் வாசித்ததுதான் லேபிளின் முதல் தட்டு. இரேன் 2024 ஜூலையில் இறக்கும்வரைக்கும் லேபிள் அவரைக் கைவிடவில்லை.

எதில் தொடங்குவது என்றல்லவா கேட்டீர்கள், மறந்தே போனேன். மோஹோலோ தட்டு. போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வாருங்கள். தட்டு கிடைத்தால் எனக்கும் ஒன்று வாங்குங்கள், பணம் தருகிறேன்.