மென்லோ பார்க்கில் வீடு பார்க்கும் தம்பிக்கு

தம்பி, நியூ ஜெர்சிக்கு மாற்றலாகிக் குடும்பத்தோடு வரப்போவதாகவும், எடிசன் நகரில் மென்லோ பார்க் பக்கம் வீடு பார்க்கச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். வாடகை, பள்ளி, குளிர், நம் ஊர்க் கடைகள், இவையெல்லாம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். கடைகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஓக் ட்ரீ சாலைக்குப் போனால் இட்லி அரிசியிலிருந்து வாழையிலை வரை கிடைக்கும். குளிர் இரண்டாம் வருடத்தில் பழகிவிடும். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது வீட்டைப் பற்றியும் அந்த ஊரைப் பற்றியும்தான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மென்லோ பார்க் என்பது தனி நகராட்சி இல்லை; எடிசன் நகரத்துக்குள் அடங்கிய ஒரு சிறு குடியிருப்பு. கலிபோர்னியாவிலும் இதே பெயரில் ஊர் இருப்பதால், இணையத்தில் தேடும்போது அந்த ஊர் வாடகையைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள். அதைவிட முக்கியம், நீங்கள் நியூயார்க்குக்கு ரயில் ஏறப்போகும் மெட்ரோபார்க் நிலையம் ஐஸ்லினில் இருக்கிறது. ஐஸ்லின், உட்பிரிட்ஜ் நகரத்தைச் சேர்ந்தது. ‘மென்லோ பார்க் அருகில்’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் வீடு எந்த நகரத்தின் எல்லைக்குள் வருகிறதோ, அந்த நகரத்துப் பள்ளியில்தான் உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்கும். இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வருந்திய குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது முன்பணம். 1999 ஜனவரியில் மதுரையிலிருந்து வந்த நான், நம்மவர் ஒருவர் நடத்திய வீட்டில் மற்ற நால்வரோடு தங்கினேன். ‘நமக்குள் எதற்குப் பத்திரம்’ என்று அவர் சொன்னதை நம்பி, இரண்டு மாத வாடகையை ரொக்கமாகக் கொடுத்தேன், ரசீது கேட்கவில்லை. ஐந்தாம் வாரத்தில், அவருடைய உறவினர் வருகிறார் என்று சொல்லி ஒரு சனிக்கிழமை காலையில் என்னை வெளியேறச் சொன்னார். கொடுத்த பணத்தில் ஒரு டாலர்கூடத் திரும்பவில்லை. இந்த மாநிலச் சட்டப்படி, ஒன்றரை மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. காலி செய்த 30 நாட்களுக்குள் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். ஆனால் வீட்டுக்காரர் தாமும் குடியிருந்து, ஓரிரு பகுதிகளை மட்டும் வாடகைக்கு விடும் சிறு வீடுகளுக்கு இந்தச் சட்டம் தானாகப் பொருந்தாது. குடியிருப்பவர் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தால்தான் பொருந்தும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அத்தகைய வீடுகளுக்குத்தான் போகிறார்கள். ஆகவே எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல், காசோலை இல்லாமல், யார் வீட்டுக்கும் போகாதீர்கள், அவர் உங்கள் ஊர்க்காரராகவே இருந்தாலும்.

அந்தச் சனிக்கிழமையன்று, பெட்டிகளை நண்பர் ஒருவரின் காரில் வைத்துவிட்டு, அவர் வேலை முடிந்து வரும்வரை போக்கிடம் இல்லாமல் பனியில் நடந்தேன். கிறிஸ்டி தெருவில் ஏறியபோது, மரங்களுக்கு நடுவே கோபுரம் ஒன்று தெரிந்தது. 131 அடி உயரம். கான்கிரீட் ஆங்காங்கே வெடித்திருந்தது. உச்சியில் ஆளைவிட இரண்டு மடங்கு உயரமான கண்ணாடி பல்பு. பக்கத்தில் இரண்டே அறைகள் கொண்ட அருங்காட்சியகம். குளிர் தாங்காமல்தான் உள்ளே நுழைந்தேன். அங்கிருந்த முதியவர் என் செருப்பைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் ஹீட்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, ஒலியைப் பதிந்து திரும்ப ஒலிக்கவைக்கும் பழைய ஃபோனோகிராஃப் கருவி ஒன்றுக்குச் சாவி கொடுத்து, ஊசியை மெல்ல இறக்கினார். கொம்பிலிருந்து முதலில் எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற சத்தம்; அதன் பின்னாலிருந்து ஒரு மனிதக் குரல்.

அந்தக் கருவி பிறந்த மண் இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மனை போட்டும் விற்காமல் கிடந்த இந்த இடத்துக்கு, 1876-இல், 29 வயதில் தாமஸ் ஆல்வா எடிசன் வந்தார். நூறு அடி நீளமுள்ள இரண்டடுக்கு மர ஆய்வுக்கூடம் ஒன்றை எழுப்பி, கண்டுபிடிப்பதையே அன்றாட வேலையாக நடத்தினார். 1877-இல் ஃபோனோகிராஃப்; 1879 அக்டோபரில், கரியாக்கிய நூலிழையில் மணிக்கணக்காக எரிந்த விளக்கு. அந்த ஆண்டின் கடைசி இரவில் விளக்குகளைப் பார்க்க வந்த கூட்டத்துக்காக, பென்சில்வேனியா ரயில் நிறுவனம் சிறப்பு ரயில்கள் விட்டது. நீங்கள் தினமும் வேலைக்குப் போகப்போவது அதே தடத்தில்தான். மறு ஆண்டு, ஒரு விசிறியின் விளிம்பிலிருந்த மூங்கிலைக் கரியாக்கிப் பார்த்து, ஜப்பானிய மூங்கிலில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியும் இழையைக் கண்டடைந்தார்கள்.

‘கண்டடைந்தார்கள்’ என்று பன்மையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஃபோனோகிராஃபை உலோகத்தில் செய்து கொடுத்த குரூசி, சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர். எடிசனின் வலக்கையாக இருந்த பாட்சலர், இங்கிலாந்துக்காரர். கண்ணாடிக் குமிழ்களை ஊதிய போம், ஜெர்மானியர். திருமணமாகாத ஊழியர்கள், கணவனை இழந்த சாரா ஜோர்டன் என்னும் பெண்மணி 1878 முதல் நடத்திய விடுதியில் தங்கிச் சாப்பிட்டார்கள்; மின்விளக்கு எரிந்த முதல் வீடுகளில் அதுவும் ஒன்று. முதியவர் இதைச் சொன்னபோது, அன்றிரவு படுக்க இடமில்லாத எனக்குத் தொண்டை அடைத்தது. பிழைக்க வந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தங்கிய ஊர்தான் இது என்று தோன்றிய அந்தக் கணத்தில், ஊர் எனக்கு அந்நியமாக இல்லாமல் போயிற்று.

நம்மவர்கள் மீது எனக்குள்ள வருத்தமும் இதுதான். அந்தக் கோபுரத்திலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில் பதினைந்து வருடம் குடியிருந்துவிட்டு, எடிசன் என்றால் ஒரு மனிதரின் பெயர் என்பதைக்கூட நினைத்துப் பார்க்காதவர்களை நான் அறிவேன். ராரிட்டன் என்றிருந்த நகரம் 1954-இல்தான் அவர் பெயரைச் சூடிக்கொண்டது. ‘இங்கே எல்லாம் நம் ஆட்கள்தான், வெளியே யாரோடும் பழகத் தேவையில்லை’ என்று புதிதாக வருபவர்களிடம் பெருமையாகச் சொல்கிறார்கள். என்னைப் பனியில் வெளியேற்றியவரும் அதையேதான் சொல்லியிருந்தார். எடிசன் இந்த ஊரைவிட்டுப் போன பிறகு ஆய்வுக்கூடம் கேட்பாரற்று இடிந்துபோனது. மிச்சமிருந்ததைத் திரட்டி, ஜோர்டன் விடுதியையும் சேர்த்து, ஹென்றி ஃபோர்டு மிச்சிகனுக்குக் கொண்டுபோய் 1929-இல் மறுபடி நிறுவினார். இங்கிருந்த மண்ணைக்கூட அள்ளிச் சென்றார். எங்கோ இருந்தவருக்கு அந்த மண்ணின் அருமை தெரிந்திருந்தது.

கோபுரத்தைப் பழுதுபார்த்து 2015-இல் மீண்டும் திறந்தார்கள். அதற்குப் பிறகு, புதிதாக வரும் குடும்பங்களை நானே அங்கே அழைத்துப் போகிறேன். ஒலி எழும்போது பிள்ளைகள் கொம்புக்குள் தலையை விட்டுப் பார்ப்பார்கள். அதைப் பார்க்கவே போகலாம்.

வாடகையைப் பற்றி இங்கிருந்தபடி நான் சொல்லும் தொகை நீங்கள் வரும்போது மாறியிருக்கும். வீடு கிடைத்ததும் ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன். குளிர்காலத்தில் வருவதாக இருந்தால், பிள்ளைக்குக் காதை மூடும் தொப்பியும் கணுக்கால்வரை வரும் காலணியும் கைப்பெட்டியிலேயே இருக்கட்டும். கிறிஸ்டி தெரு மேட்டில் காற்று கடுமையாக அடிக்கும்.