சிசிஎன்ஏ படிக்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகன் டிப்ளமோ முடித்துவிட்டு, குமுளியில் தங்கும் விடுதிகளுக்கு சிசிடிவி கேமராவும் இன்டர்நெட்டும் அமைத்துத் தருபவரிடம் ஓராண்டாக உதவியாளாக இருக்கிறான். நெட்வொர்க் கேபிளிங்கும் ரவுட்டிங்கும் முறையாகக் கற்க ஆசைப்படுகிறான். ஒரு பயிற்சி மையத்தில் 65,000 ரூபாய் கட்டினால் சிசிஎன்ஏ சான்றிதழும் கொச்சியில் வேலையும் உறுதி என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். நகையை அடகு வைத்துக் கட்டலாமா?
- ஒரு வாசகி, கம்பம்

பதில்: அடகு வைக்காதீர்கள் அம்மா. சிசிஎன்ஏ என்பது நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் தேர்வில் தேறியவருக்கு அந்நிறுவனமே வழங்கும் சான்றிதழ்; எந்தப் பயிற்சி மையமும் அதைத் தானாக எடுத்துக் கொடுக்க முடியாது. 200-301 என்னும் அந்தத் தேர்வுக்குக் கட்டணம் 300 டாலர், வரி தனி. இன்ன இடத்தில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. 65,000 ரூபாயில் தேர்வுக் கட்டணம் அடங்குமா என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். அடங்காது என்றால், கிடைக்கப்போவது மையத்தின் முத்திரை குத்திய ஒரு தாள்தான். அடங்கும், பாஸ் ஆவதற்கும் தானே பொறுப்பு என்றால், உடனே எழுந்து வந்துவிடுங்கள். களவாக வெளிவந்த வினாக்களை மனப்பாடம் செய்யவைத்தே அப்படிப் பொறுப்பேற்க முடியும், அகப்பட்டால் சான்றிதழ் ரத்தாகும்.

என்னிடம் வேலை கேட்டு வந்த ஓர் இளைஞர் நெட்வொர்க் பற்றிப் பாடப்புத்தகம் சொல்லும் ஏழு அடுக்குகளையும் தடங்கலின்றி ஒப்பித்தார். ஒரு கேபிளைக் கொடுத்து முனை போடச் சொன்னபோது, அதாவது நுனியில் கனெக்டர் பொருத்தச் சொன்னபோது, மேலுறையை உரிக்கையில் உள்ளிருந்த கம்பிகளில் இரண்டையும் சேர்த்து நறுக்கிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மூன்றாண்டுக் காலம் கனெக்டரைக் கேபிளில் அழுத்திப் பொருத்தும் ஒரு கிரிம்பிங் டூலைக்கூடக் கையில் கொடுக்காமல், தேர்வு மட்டும் வைத்து அனுப்பிவிட்ட கல்லூரியின்மேல்தான் கோபம். இந்த நிலைமை எப்போது மாறுமோ தெரியவில்லை.

உங்கள் மகனுக்கு இப்போது வேண்டியது ஒரு கிரிம்பிங் டூல், கேபிளைச் சோதிக்கும் ஒரு லேன் டெஸ்டர், கேபிள் முனைக்கான ஆர்ஜே45 கனெக்டர் கொஞ்சம், முப்பது மீட்டர் கேபிள். இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்னும் டி568பி வரிசையில் ஐம்பது முனைகளாவது அவன் போட்டுப் பழகட்டும். கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருப்பது வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைத் தடுக்கத்தான். ஆகவே முனையில் அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது. டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கம்பி அறுபடவில்லை என்பதை மட்டுமே காட்டும். கம்பியின் தரத்தைக் காட்டாது.

தரம் என்றதும் நான் எல்லோரிடமும் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. கேட்-6 என்று நெட்வொர்க் கேபிளின் தரவகையை அச்சிட்ட பெட்டியில் செம்பு பூசிய அலுமினியக் கம்பி பாதி விலைக்கு விற்கப்படுகிறது. அதை வாங்கவே வேண்டாம்; முழுச் செம்புக் கேபிள்தான் வேண்டும். பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். அதில் மின்தடை அதிகம், வளைத்தால் எளிதில் ஒடியும். அதே கேபிள் வழியாக மின்சாரமும் பெறும் கேமரா பகலில் ஒழுங்காக ஓடும். இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்து அதிக மின்சாரம் இழுக்கும்போது அணைந்து அணைந்து எரியும். மலிவாக வாங்கிவந்த முதலாளியை விட்டுவிட்டு, முனை போட்ட பையனைத்தான் திட்டுவார்கள்.

ரவுட்டிங்குக்கு, அதாவது ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலை வழிப்படுத்தக் கற்க, சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் போதும்; நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கும். 192.168.1.10 என்ற முகவரியுள்ள கணினியும் 192.168.1.20 என்ற முகவரியுள்ள கணினியும் 255.255.255.0 என்ற மாஸ்க்கில் (முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று காட்டும் எண்) இருந்தால், ரவுட்டர் இன்றியே பேசிக்கொள்ளும்; 192.168.2.10-ஐ அடைய ரவுட்டர் வேண்டும். இந்த வேறுபாடு கைக்குப் பழகிவிட்டால் மற்றவை தானே வரும். விடுதிகளில் நெட் வந்து வந்து போகிறது என்றால், இரண்டாவதாக வைத்த வைஃபை ரவுட்டரும் தனியாக முகவரி வழங்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன செம்புக் கேபிளுக்கு ஒரு விலக்கு உண்டு. அவன் வேலை செய்யும் மலைப்பகுதிக்கு அது மிக முக்கியம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஒரே கட்டடத்துக்குள் 100 மீட்டர் வரை செம்புக் கேபிள் ஓட்டலாம். அலுவலகக் கட்டடம் ஓரிடம், சரிவில் தனித்தனியாகக் குடில்கள் என்றிருந்தால், தூரம் இருபது மீட்டரே ஆனாலும் செம்பு கூடாது. கேரளத்தார் துலாவர்ஷம் என்று சொல்லும் நம் ஐப்பசி மழையிலும் சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் அங்கே இடி பலமாக இருக்கும். அருகில் மின்னல் இறங்கினாலே வெளியில் போகும் செம்புக் கம்பியில் மின் அதிர்ச்சி பாய்ந்து, இரு முனைகளிலும் உள்ள நெட்வொர்க் ஸ்விட்ச் (பல கேபிள்களை இணைக்கும் பெட்டி), கேமரா, கணினி யாவற்றையும் எரித்துவிடும். கட்டடத்துக்குக் கட்டடம், ஒளியாகத் தகவலைக் கொண்டுசெல்லும் ஃபைபர்தான் போட வேண்டும். அதிலும் உலோகக் கவசமோ தாங்குகம்பியோ இல்லாத ஃபைபர். ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் இரு முனைக்கும் ஒவ்வொன்று வைத்தால் வேலை முடிந்தது. செலவு கூடும் என்று முதலாளி மறுத்தால், ஒரு மழைக்காலத்தில் எரிந்துபோகும் கருவிகளின் விலையை உங்கள் மகன் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டட்டும். இடி முழங்கும்போது வெளிக் கம்பியில் கை வைக்கக் கூடாது என்பதை மட்டும் நீங்களே அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.