சுடுவது நின்றால் போர் முடிந்ததா?

கேள்வி: கொரியப் போர் 1953-லேயே நின்றுவிட்டது என்று பள்ளியில் படித்தேன். செய்தியில் பார்த்தால் இரண்டு கொரியாக்களும் இன்னும் போர் நிலையில்தான் இருக்கின்றன என்கிறார்கள். போர்நிறுத்தம் என்றால் போர் முடிந்தது என்றுதானே பொருள்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இரண்டுமே சரிதான். சுடுவதை நிறுத்திக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொள்வது போர்நிறுத்தம். எல்லை எது, இழப்பீடு யார் தருவது என்றெல்லாம் பேசித் தீர்த்து எழுதிக்கொள்வது சமாதான உடன்படிக்கை. காயம்பட்டவர்களைத் தூக்கிப்போகச் சில மணி நேரம் துப்பாக்கியைக் கீழே வைத்தாலும் போர்நிறுத்தம், எழுபது வருஷம் நீடித்தாலும் போர்நிறுத்தம் என்று எல்லாவற்றுக்கும் நம் செய்தியில் ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறார்கள், குழப்பம் அங்கேதான் வருகிறது.

கொரியாவில் பேச்சுவார்த்தை தொடங்கியது 1951 ஜூலையில், கையெழுத்தானதோ 1953 ஜூலை 27 அன்று, எல்லைக் கிராமமான பன்முன்ஜோமில். நடுவில் இரண்டு வருஷமும் சண்டை ஓயவில்லை. பேச்சை இழுத்தடித்த பெரிய சிக்கல் போர்க்கைதிகள்: ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்கிறவனைப் பிடித்துத் தள்ளி அனுப்பலாமா, கூடாதா? கடைசியில் காலை பத்து மணிக்கு தென் கொரியாவுக்காகப் போரிட்ட ஐ.நா. தரப்பில் அமெரிக்க ஜெனரல் ஹாரிசனும் எதிர்த்தரப்பில் 'நாம் இல்' என்ற வட கொரிய ஜெனரலும் வந்து உட்கார்ந்து, அடுக்கி வைத்திருந்த பிரதிகளில் மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து, இரவு பத்துக்குத்தான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது, அதுவரை பீரங்கி முழங்கிக்கொண்டுதான் இருந்தது.

தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ இந்த ஒப்பந்தமே வேண்டாம் என்று நின்றவர், அவர் தரப்பில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. திரும்ப மறுத்த கைதிகளைப் பார்த்துக்கொள்ள ஜெனரல் திம்மையா தலைமையில் நடுநிலை நாடுகளின் ஆணையம் அமைந்தது, காவலுக்குப் போனது நம் இந்தியப் படை. அவர்களைக்கூடத் தன் மண்ணில் கால் வைக்க சிங்மன் ரீ விடவில்லை. கப்பலில் போய் இறங்கியவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி, படைகள் விலகிய நடுப்பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள்! இவ்வளவு முறைப்போடு நின்ற போர் அது.

அந்த ஒப்பந்தத்திலேயே, இறுதியான சமாதானத் தீர்வு ஏற்படும் வரை என்றுதான் எழுதியிருக்கிறது. 1954-இல் ஜெனீவாவில் கூடிப் பேசினார்கள், ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் இன்றைக்கும் நடுவில் 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை, இரண்டு பக்கமும் காவல்.

முதல் உலகப் போரிலும் 1918 நவம்பர் 11-இல் கையெழுத்தானது போர்நிறுத்தம்தான், அதுவும் முதலில் 36 நாளுக்கு மட்டும், அப்புறம் நீட்டித்துக்கொண்டே போனார்கள். ஜெர்மனியோடு சமாதான உடன்படிக்கை, அதாவது வெர்சாய் உடன்படிக்கை, 1919 ஜூன் 28-இல் வந்தது. ஆகவே செய்தியில் போர்நிறுத்தம் என்று பார்த்தால் எதுவரைக்கும், யார் யார் கையெழுத்து என்று அடுத்த வரியையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: வெள்ளைக்கொடி காட்டினால் சரணடைந்துவிட்டதாக அர்த்தமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பல நேரம் அப்படித்தான் முடிகிறது, ஆனால் சட்டப்படி அதற்குப் பொருள் 'பேச வருகிறேன், சுடாதே' என்பதுதான். கொடியோடு வருபவரைத் தாக்கக் கூடாது என்கிறது போர் முறைகளைப் பற்றிய 1907-ஆம் ஆண்டின் ஹேக் விதி. அதே விதியில் எதிர்த்தரப்புக்கும் ஒரு வசதி உண்டு: வந்தவரை எல்லா நேரமும் வரவேற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் தளபதிக்கு இல்லை.