சென்சாரை மாற்றியும் லைட் அணையவில்லையா?

கேள்வி: அண்ணாச்சி, என்னிடம் இருப்பது 1 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். கடையநல்லூரில் இருந்து வியாபார விஷயமாகப் புனலூர் பக்கம் அடிக்கடி போய்வருவேன். செக் என்ஜின் லைட் எரிந்தது, ஸ்கேனர் போட்டால் பி2195 என்று வந்தது. ஆக்ஸிஜன் சென்சார் போச்சு என்று சொல்லி வேறு ஒன்றைப் போட்டார்கள். கொஞ்ச நாளில் லைட் திரும்ப எரிகிறது. மைலேஜ் இறங்கிவிட்டது, வண்டி நின்றால் பெட்ரோல் வாடை வேறு. இப்போது ஒரிஜினல் சென்சார்தான் போட வேண்டுமாம், விலை கேட்டால் மலைப்பாக இருக்கிறது. வாங்கிவிடலாமா?
— வாசகர், கடையநல்லூர்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். முன்பக்க சென்சார் ஓயாமல் ‘காற்று அதிகம், பெட்ரோல் குறைவு’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது, பி2195 என்ற அந்த எரர் கோடு (code) சொல்வது அவ்வளவுதான். உண்மையிலேயே காற்று அதிகமா, சென்சார் பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்கிற வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பம். கோடு வந்த உடனே பார்ட்டை மாற்றுகிற பழக்கத்தால் வண்டிக்காரர் காசு கரைவதுதான் மிச்சம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பெட்ரோல் வாடை. என்ஜினுக்குப் பெட்ரோல் நிஜமாகவே குறைவாகப் போனால் வாடை எப்படி வரும்? டர்போவில் இருந்து புகை கீழே போகிற டவுன்பைப் இறங்கும் இடத்தில் கேஸ்கெட் ஊதிப்போனால், ஐடிலில் ஓடும்போது சைலன்சர் பைப்புக்குள் வெளிக்காற்று கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கப்படும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு உள்ளதைத்தான் சொல்கிறது, இசியூ (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறது, மைலேஜ் இறங்குகிறது, வாடை வருகிறது. இதில் எத்தனை சென்சார் மாற்றினாலும் அதே கதைதான்.

காலையில் என்ஜின் நன்றாக ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து டர்போ பக்கம் காதைக் கொடுங்கள். ‘டிக் டிக்’ என்றோ ‘உஸ்’ என்றோ சத்தம் வந்து, சூடானதும் அது மறைந்தால் லீக் இருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவு கட்டிவிடலாம், ஏனென்றால் இரும்பு சூட்டில் விரிந்து ஓட்டையை மூடிக்கொள்ளும். கேஸ்கெட் ஓரத்தில் கரி கோடு போட்ட மாதிரி கறுப்பாகப் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புகை விட்டு லீக் கண்டுபிடிக்கிற ஸ்மோக் மெஷின் உள்ள கடை திருநெல்வேலியில் கிடைத்தால் பாதி நேரம் மிச்சம்.

அப்புறம் ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் பார்க்கச் சொல்லுங்கள், இசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்கிற கணக்கு அது. ஐடிலில் 15, 20 சதவீதம் கூட்டி, வேகம் எடுத்ததும் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தால் லீக்தான். இன்டேக் பக்கம் லீக் இருந்தாலும் இதே மாதிரிதான் காட்டும், ஆனால் அதில் வாடையும் பிளக்கில் கரியும் இருக்காது. மாறாக, ஏற்றத்தில் அழுத்த அழுத்த டிரிம் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் சந்தேகப்படுங்கள். அந்த நிலையில் பூஸ்ட் ஏற்றி விரட்டாதீர்கள், பிஸ்டனே உருகிவிடும். டிரிம் மூன்று நான்கு சதவீதம் மட்டும் கூடியிருந்தால் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலாகவும் இருக்கலாம், அதற்குப் பதற வேண்டாம்.

சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நீங்கள் போகிற வழியிலேயே நல்ல இடம் இருக்கிறது. கோட்டைவாசலில் இருந்து புளியரை எஸ் வளைவுக்கு இறங்கும்போது மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் முழுசாக நின்றுவிடும், ஸ்கேனரில் லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு, 1 என்றால் சரியான கலவை) சட்டென்று மேலே போய் முட்ட வேண்டும். திரும்ப மிதித்ததும் 1 பக்கம் இறங்க வேண்டும். ஸ்கேனரைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். இரண்டு பக்கமும் துடிப்பாக ஓடுகிற சென்சாரை மாற்றுவதில் அர்த்தமே இல்லை. அசையாமல் ஒரே இடத்தில் நின்றால், முதலில் வயரைப் பாருங்கள். அறுப்பு முடிந்ததும் வயல்காட்டு எலி காருக்குள் குடியேறுவது நம் ஊரில் வாடிக்கை.

கேள்வி: வைட்பேண்ட் (கலவை எவ்வளவு என்று அளந்து சொல்லும்) ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பதில் விலை குறைந்த நாலு வயர் சென்சாரைப் பழைய கனெக்டரோடு ஒட்டிப் போடலாம் என்கிறார் மெக்கானிக். சரிப்படுமா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: சரிப்படாது. நாலு வயர் சென்சார் 0.1, 0.9 வோல்ட் என்று இரண்டு பக்கம் தாவும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். வைட்பேண்டில் இசியூ உள்ளே ஒரு செல்லை 450 மில்லிவோல்ட்டில் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்கு எவ்வளவு கரண்ட் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. அதனால்தான் மல்டிமீட்டரில் வோல்ட் பார்த்து அதை நல்லது கெட்டது சொல்ல முடியாது. சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரை வேண்டுமானால் ஓம் பார்க்கலாம், பல ரகங்களில் ஆறிய நிலையில் 2 முதல் 4 ஓம் காட்டும்.

இன்னொன்று, பல வைட்பேண்ட் சென்சார்களில் அந்தந்த சென்சாருக்கென்று அளவெடுத்த ரெசிஸ்டர் கனெக்டருக்குள்ளேயே இருக்கிறது. கனெக்டரை வெட்டி வேறொன்றில் ஒட்டினால் புது சென்சார்கூட அளவு தப்பும். கனெக்டரோடு வரும் சரியான பார்ட் நம்பரையே வாங்குங்கள். கேஸ்கெட்டுக்கு சாதாரண சிலிகான் பேஸ்ட் தடவ விடாதீர்கள், அதன் ஆவி பட்டாலே சென்சார் முனை செத்துவிடும்.