கோழி வளர்ப்பு கேள்வி பதில்: ராத்திரி கூண்டுக்குள்ள வந்தது யாரு?

கேள்வி: அண்ணா வணக்கம், நத்தம் பக்கம் எங்க வீடு, சிறுவிடை நாட்டுக்கோழி வளக்குறோம். போன வாரம் ராத்திரி ஏதோ கூண்டுக்குள்ள பூந்து மூணு கோழிய கழுத்துல கடிச்சு போட்டிருக்கு, ஒண்ண மட்டும் பாதி தின்னிருக்கு. சுத்தி கோழி வலை அடிச்சுதான் இருக்கு. பக்கத்து வீட்டு மாமா இது கீரி வேலைதான், முட்டைல மருந்து வச்சிரும்மாங்கிறாரு. வைக்கலாமா?

பதில்: வேணாம்மா, தயவுசெஞ்சு வைக்காதீங்க. மருந்து வச்ச முட்டைய உங்க வீட்டு நாயே திங்கலாம், காக்கா தூக்கிட்டுப் போய் யார் வீட்டு வாசல்லயாவது போடலாம். கீரி, மரநாய் (பேருதான் நாய், பாக்க பூனை மாதிரி மரம் ஏறுற பிராணி) எல்லாம் 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துக்குள்ள வர்ற பிராணிங்க, கொன்னா கேஸ் ஆயிடும்.

அதோட இது கீரியா இருக்க வாய்ப்பு கம்மி, ஏன்னா கீரி பகல்ல திரியுறது, பொழுது சாஞ்சா வளைக்குள்ள போயிடும். நடுராத்திரி வந்து ஒண்ணுக்கு மூணா கடிச்சுப் போட்டிருக்குன்னா எனக்கு மரநாய் மேலதான் சந்தேகம், காட்டுப்பூனையாவும் இருக்கலாம். மரநாய் மேல இருந்து இறங்கும், அதனால மொதல்ல கூண்டோட கூரைய பாருங்க, ஓடு நகந்திருக்கா, சீட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல சந்து இருக்கா, மரக்கிளை ஏதாவது மேல தொங்குதா, இருந்தா வெட்டி விட்டுருங்க. வாசப்பக்கம் சாம்பல் தூவி வச்சா காலைல கால்தடம் தெரியும்.

அந்த மெல்லிசான கோழி வலை கோழிய உள்ள வச்சிக்கத்தான் லாயக்கு, இழுத்தா பிஞ்சிடும். அரை இஞ்சு ஓட்டை வெல்டு மெஷ், அதான் கம்பிய வெல்டு பண்ணி ஒட்டுன கெட்டியான வலை, வாங்குங்க, காசு கூடத்தான் ஆகும் ஆனா இதுல மிச்சம் பிடிக்காதீங்க. அடியில ஒரு அடி ஆழம் மண்ணுக்குள்ள இறக்கிடுங்க, பாறை நெலமா இருந்தா வெளிப்பக்கமா தரையிலயே விரிச்சு கல்லு வச்சா போதும், தோண்டுறது அங்கயே நின்னுடும். கோழி உக்கார்ற கட்டைய வலையை ஒட்டி வைக்காம நடுவுல வைங்க, இல்லன்னா வெளிய இருந்தே தலையைப் பிடிச்சு இழுத்துரும்.

கேள்வி: பகல்ல குஞ்சுங்க ஒண்ணொண்ணா காணாம போகுது, பருந்தா பாம்பா எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: மேய்ற எடத்துல இறகு செதறிக் கெடந்தா பருந்து மாதிரி வேட்டையாடுற பறவை வல்லூறு. காக்காவும் சின்னக் குஞ்ச தூக்கும், அது சமயத்துல இறகுகூட விடாது. செத்த குஞ்சோட தலை, கழுத்து மட்டும் ஈரமா மயிர் படிஞ்சு கெடந்தா பாம்பு முழுங்கப் பாத்து முடியாம விட்டுட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். தீவனத்த மூடி போட்ட டிரம்ல வைங்க, எலி வந்தா பின்னாலயே சாரைப்பாம்பும் வரும், முட்டையயும் அன்னன்னிக்கே எடுத்துடுங்க.

மொத ஒரு மாசம் குஞ்சுகள தாயோட பஞ்சாரத்துல, அதான் மூங்கில் கூடையில, கவுத்து வைங்க, திறந்து விடுற நேரம் நீங்க பக்கத்துல இருக்கணும். அப்புறமும் மேய்ற எடத்துக்கு மேல பழைய மீன் வலையோ பந்தலோ போட்டுட்டா பருந்து இறங்க யோசிக்கும். சிறுவிடை தாய்க்கோழி நல்லாவே எதுத்து நிக்கும்தான், ஆனா ரெண்டு காக்கா சேந்து வந்தா ஒண்ணு அது கவனத்த திருப்பும், இன்னொண்ணு குஞ்ச தூக்கிடும், அந்த நேரத்துல அதால ஒண்ணும் பண்ண முடியாது பாவம்.

கேள்வி: நாய் வளத்தா போதுமா?

பதில்: குட்டியில இருந்தே கோழியோட பழக்குன நாட்டு நாய்னா நல்ல காவல். பெருசானப்புறம் கொண்டு வந்து விட்டா மொதல்ல கொஞ்ச நாள் கட்டிப்போட்டு அது கோழிய எப்படி பாக்குதுன்னு கவனிங்க, அப்புறம் அவுத்து விடலாம்.