புதையல் வேட்டையில் க்யூஆர் கோடு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நிகழ்ச்சிகளில் க்யூஆர் கோடு வைத்து விளையாட்டு நடத்துவது பற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, முதல் தடவையாக 40 பேருக்குப் புதையல் வேட்டை நடத்தப் போகிறேன். 8 கோடு தயார் செய்துவிட்டேன். அடுத்து என்ன செய்வது?

பதில்: கோடுகளை ஓரமாக வைத்துவிட்டு, ஆட்டம் நடக்கப்போகும் இடத்தை ஒரு சுற்று நிதானமாக நடந்து பாருங்கள், தம்பி. கண்ணில் படுவதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்தால் அடுத்த இடம் தெரியும், அங்கே ஓடி மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும் என்று மட்டும் அமைத்தால், ஆட்டம் முழுக்க போன் திரைக்குள்ளேயே முடிந்துவிடும். போன் வைத்திருப்பவர் விளையாடுவார், மற்றவர்கள் அவர் பின்னால் ஓடுவார்கள். அதனால் கோடு கேள்வியைக் கொடுக்கட்டும், விடை அந்த இடத்தில் இருக்கட்டும். மாடிப்படி எத்தனை, வாசல் பலகையில் எந்த ஆண்டு பொறித்திருக்கிறது, எத்தனை தூணில் நிறம் மாறியிருக்கிறது என்று கேளுங்கள்.

அப்புறம் 40 பேரை ஐந்தைந்து பேராக 8 அணிகளாகப் பிரித்து, அணிக்கு ஒரே ஒரு போன் என்று விதி வையுங்கள். மீதி 4 பேரும் சுற்றிலும் பார்த்தாக வேண்டும். போன் இல்லாதவர், ஓட முடியாத பெரியவர், சிறு பிள்ளை என்று எல்லோருக்கும் ஆட்டத்தில் வேலை கிடைப்பது இந்த ஒரு விதியால்தான்.

கேள்வி: வரிசையாகத் துப்பு வைத்தோம். முதல் இடத்திலேயே எல்லா அணியும் குவிந்து, முன்னால் நின்றவர் சொன்ன விடையை மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். எப்படித் தவிர்ப்பது?

பதில்: வரிசையையே எடுத்துவிடுங்கள். ஒவ்வோர் இடத்து விடையும் ஓர் இலக்கம் தரட்டும். எல்லா இலக்கமும் சேர்ந்தால்தான் கடைசிப் பூட்டு திறக்கும். எந்த இலக்கம் எந்தக் கட்டத்தில் என்று காட்ட இடத்துக்கு ஒரு நிறம் போதும். அணிகள் வெவ்வேறு இடத்தில் தொடங்கட்டும், பாதி அணிகள் எதிர்த்திசையில் போகட்டும். எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றினால் ஓர் அணி இன்னோர் அணியின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும்.

கேள்வி: கோடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? மேடைத் திரையில் காட்டினால் பின்வரிசைக்காரர்களுக்கு ஸ்கேன் ஆகவில்லை.

பதில்: தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் என்பது நடைமுறைக் கணக்கு. கை நீட்டும் தூரமான 30 செ.மீ.க்கு 3 செ.மீ., ஒரு மீட்டருக்கு 10 செ.மீ. பின்வரிசை 15 மீட்டரில் இருந்தால் திரையில் கோடு மட்டுமே ஒன்றரை மீட்டர் வேண்டும். இது குறைந்தபட்சம்தான். கோடு அடர்த்தியாக இருந்தால் இன்னும் பெரிதாக்க வேண்டும்.

அடர்த்தியைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் எழுத்தின் நீளம். மிகச் சிறிய கோட்டின் ஒரு விளிம்பில் 21 கறுப்பு-வெள்ளைக் கட்டம், மிகப் பெரியதில் 177 கட்டம். 25 எழுத்துக்குள் அடங்கும் லிங்க்கைச் சாதாரண பிழைதிருத்த அளவில் (கோட்டில் ஒரு பகுதி சேதமானாலும் படிக்க வைக்கும் ஏற்பாடு இது) போட்டால் 25க்கு 25 கட்டத்தில் முடிந்துவிடும். அதே தாளில் நீளமான லிங்க்கைத் திணித்தால் ஒவ்வொரு கட்டமும் சுருங்கிக் கேமரா தடுமாறும். ஆகவே முதலில் லிங்க்கைச் சுருக்குங்கள், பிறகு அளவைப் பாருங்கள். சுற்றிலும் 4 கட்ட அகலத்துக்கு வெள்ளை இடம் விடுவதும் கட்டாயம். அழகுக்காக விளிம்பு வரை பார்டர் போட்டுவிட்டு ஸ்கேன் ஆகவில்லை என்று பலர் வருத்தப்படுகிறார்கள்.

கேள்வி: எங்கள் இடத்தில் சிக்னலே கிடையாது. துப்பைத் தமிழிலேயே நேராகக் கோட்டுக்குள் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் தமிழ் இடம் பிடிக்கும். நாம் இணையத்தில் எழுதும் யூனிகோட் முறையில் ‘க’ 3 பைட் (கணினியில் இடத்தை அளக்கும் அலகு). ‘கி’ என்றால் எழுத்தும் குறியும் சேர்ந்து 6 பைட். பத்துச் சொல் துப்பு ஒன்று எளிதாக 240 பைட்டைத் தொடும். அதற்கு 61க்கு 61 கட்டம் ஆகிவிடும். கையெட்டும் தூரத்தில் பெரிதாக அச்சிட்டால் படிக்கும்தான். இன்னொரு சிக்கலும் உண்டு: சில போன்களின் கேமரா, லிங்க் இல்லாத வெறும் எழுத்தைக் கண்டால் இணையத்தில் தேடவா என்று கேட்கும். ஆட்டத்தின் நடுவே அது குழப்பம்.

எனக்குப் பிடித்த வழி வேறு. கோட்டுக்குள் 47, 112 என்று வெறும் எண் மட்டும் வையுங்கள். ஒவ்வோர் அணிக்கும் எண்ணிட்ட பத்திகள் கொண்ட சிறு கையேடு கொடுத்துவிடுங்கள். ஸ்கேன் செய்ததும் 47ஆம் பத்தியைப் படிக்க வேண்டும். கையேட்டில் பொய்த் துப்புகளையும் கலந்து வைத்தால், முன்கூட்டியே புரட்டுகிறவருக்கு எதுவும் பிடிபடாது. இணையம் துளியும் வேண்டாம்.

ஒரே கட்டடத்துக்குள் நடக்கிறது, வைஃபை இருக்கிறது என்றால், வாசலில் வைஃபைக்கான க்யூஆர் ஒன்றை ஒட்டுங்கள். கடவுச்சொல்லைத் தட்டாமலே போன் இணைந்துவிடும்.

கேள்வி: இலவசத் தளம் ஒன்றில் செய்த கோடுகள், அச்சடித்த பிறகு ‘காலாவதி’ என்று காட்டுகின்றன. க்யூஆர் கோடு காலாவதி ஆகுமா?

பதில்: கோடு ஆகாது. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு இதை உருவாக்கியபோது, காப்புரிமையை வைத்துக்கொண்டும் யாரும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். 2000இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆகிவிட்டது. உங்களுக்கு நின்றுபோனது நடுவில் இருக்கும் திருப்பிவிடும் லிங்க். ‘டைனமிக்’ கோடு என்றால் அதற்குள் இருப்பது அந்தத் தளத்தின் முகவரி. அவர்கள் நிறுத்தினால் உங்கள் ஆட்டமும் நிற்கும். அச்சடித்த பின் போகும் இடத்தை மாற்றலாம் என்பது அதன் பலன். அந்த வசதி வேண்டுமென்றால் உங்கள் சொந்தப் பக்கத்தின் லிங்க்கையே கோடாக்குங்கள். பக்கத்தில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: ஓர் அணி ஸ்கேன் செய்த கோட்டைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் நண்பர்களுக்கு அனுப்பிவிடுகிறது. லிங்க்கில் 3 என்பதை 4 ஆக்கி அடுத்த துப்பையும் திறக்கிறார்கள்.

பதில்: இரண்டாவது எளிது. லிங்க்கின் வாலில் வரிசை எண்ணுக்குப் பதில் யூகிக்க முடியாத எழுத்துக்கூட்டம் வையுங்கள். முதலாவதற்கு, மேலே சொன்னதுதான் மருந்து: விடை அந்த இடத்தில் மட்டுமே இருந்தால் படம் அனுப்பிப் பயனில்லை. இறுதி இடத்துக்கு அணி முழுவதும் நேரில் வர வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

கூகுள் ஃபார்மில் சரியான விடை போட்டால்தான் அடுத்த பகுதி திறக்கும்படி செய்யலாம், விடை அனுப்பிய நேரமும் தானாகப் பதிவாகும். விடையை எண்ணாகக் கேளுங்கள். சொல்லாகக் கேட்டால் ஒற்று மிகுந்தது, இடைவெளி விட்டது என்று சரியான விடையே தவறாகிவிடும். பரிசு பெரிதென்றால் இந்த முறையை மட்டும் நம்ப வேண்டாம், கணினி தெரிந்தவர் பக்கத்தின் நிரலைப் பார்த்தே விடையை எடுத்துவிட முடியும்.

கேள்வி: நடுவில் லோகோ வைக்கலாமா? கோட்டைத் துண்டாக்கி அணிகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் செய்யலாம், ஆனால் ஒன்றுக்கொன்று நேர்மாறான அமைப்பு வேண்டும். பிழைதிருத்தம் 4 அளவில் உண்டு: எல் சுமார் 7%, எம் 15%, க்யூ 25%, ஹெச் 30% வரை சேதம் தாங்கும். லோகோ வைக்க ஹெச். அதிலும் லோகோ சிறியதாக, நடுவில் மட்டும். 3 மூலைச் சதுரங்களை எதற்காகவும் தொடாதீர்கள், கேமரா கோட்டைக் கண்டுபிடிப்பதே அவற்றை வைத்துத்தான்.

துண்டாக்கும் ஆட்டத்துக்கு எல் அளவு. ஹெச் போட்டுக் கோட்டை 9 துண்டாக்கினால், ஒன்றைத் தேடாமலே ஸ்கேன் ஆகிவிட வாய்ப்புண்டு. எல் அளவில் ஒரு துண்டு குறைந்தாலும் திறக்காது. 9 அணிகளுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்துப் பாருங்கள், அதுவரை போட்டி போட்டவர்கள் ஒரே மேசையைச் சுற்றி நின்று பேச ஆரம்பிப்பார்கள். எனக்கு இதைவிடப் பிடித்த இறுதிச் சுற்று இல்லை.

கேள்வி: வெளியிடத்தில் ஒட்ட என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: பளபளப்பு லேமினேஷன் வெயிலில் கண்ணாடியாக மின்னும், மாட் வகை வாங்குங்கள். தூணில் ஒட்டினால் கோடு வளையும், சிறிதாக்குங்கள் அல்லது அட்டையில் ஒட்டித் தொங்கவிடுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் பிள்ளைகளுக்கும் எட்டும் உயரம் முக்கியம்.

இடத்துக்குப் பொறுப்பானவரிடம் அனுமதி வாங்குங்கள். மின்பெட்டி, சாலையோரம், அவசர வழி பக்கம் வேண்டவே வேண்டாம். யாருடைய ஆட்டம், எந்த நாள் என்று கோட்டுக்கு மேலேயே அச்சிடுங்கள். நம் ஸ்டிக்கர் மேல் வேறொருவர் தன் கோட்டை ஒட்டிவிட்டால் தெரிய வேண்டுமே, அதற்காக லிங்க் எந்தப் பெயரில் தொடங்கும் என்பதை ஆட்டக்காரர்களுக்கு முன்பே சொல்லுங்கள். பிள்ளைகளிடம் போன் நம்பர் கேட்காதீர்கள், அணிப் பெயர் போதும்.

கேள்வி: ஒரு நாளோடு முடியாமல் எப்போதும் நடக்கும் இப்படிப்பட்ட ஆட்டம் உண்டா?

பதில்: உண்டு. 2000இல் ஜிபிஎஸ் துல்லியம் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதும், ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் ஜியோகேஷிங் பிறந்தது. 2011இல் வந்த மன்சி என்ற ஆட்டம், பெட்டிக்குப் பதில் க்யூஆர் கோட்டையே தேடிப் பிடிக்க வைத்தது. யோசனை எடுக்க இரண்டையும் பாருங்கள்.

கேள்வி: ஆட்டத்துக்கு முன் எதையெல்லாம் சரிபார்ப்பது, அக்காவோ அண்ணனோ யாராவது சொல்லுங்கள்.

பதில்: அச்சான தாளையே, ஒட்டிய இடத்திலேயே, ஆட்டம் நடக்கும் அதே நேரத்தில் ஸ்கேன் செய்யுங்கள். ஐபோன் ஒன்று, பழைய ஆண்ட்ராய்டு ஒன்று, இரண்டிலும். திரையில் ஸ்கேன் ஆனதை நம்ப வேண்டாம். ஆட்டத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரை முழுச் சுற்றும் விளையாடவிட்டு, நீங்கள் வாய் திறக்காமல் பின்னால் போங்கள். அவர் எங்கே திகைத்து நிற்கிறாரோ அந்தத் துப்பைத் திருத்தி எழுதுங்கள். கிழிந்துபோனால் மாற்ற எல்லாக் கோட்டிலும் ஒரு பிரதி, எல்லா விடையும் எழுதிய ஒரு தாள், இரண்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.